சங்கு ஊதிய பிறகு வந்த சத்தம்

அண்ணாமலையாரை நம்பி வாழும் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் குணசுந்தரி. வேங்கிக்காலில் வீடு. பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. சங்கு ஊதுகிற அக்கா என்றால் தெரியும். பௌர்ணமிதோறும் எங்கள் கயிலாய வாத்தியக் குழு கொம்பும் மேளமும் தாளமுமாகக் கிரிவலம் போகும்போது முன்னால் நடந்து சங்கு ஊதுகிறவள் நான்தான். குழுவில் ஆண்பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் ஊதிவிட்டு மூச்சு வாங்க நிற்கும்போதும் என் சங்கு நிற்காது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்த மூச்சு அண்ணாமலையான் கொடுத்தது. அதில் பெருமைப்படாமல் வேறு எதில் பெருமைப்படுவது?

அந்த மூச்சுதான் போனது. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. "இனிமே சங்கைத் தொடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். செத்துப் பிழைத்தவள் நான். ஆனால் பிழைத்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விட்டதே என்று அழுதிருக்கிறேன். அது எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்று உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன ஆவணிப் பௌர்ணமி அன்று காலை. அடி அண்ணாமலையில் எங்கள் குழுவுக்கு ஒரு சின்ன அன்னதானக் கூடம் இருக்கிறது. பௌர்ணமிக்கு வருகிற ஜனங்களுக்கு அங்கே சாப்பாடு போடுவோம். பின்பக்கம் இரண்டு கழிவறைகள். முந்தின நாள் பெய்த மழையில் வந்து போனவர்களின் கால் சேறெல்லாம் தரையில் அப்பிக் கிடந்தது. யார் கழுவுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்காது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நானே போய்விட்டேன்.

பிளீச்சிங் பவுடரைக் கை நிறைய அள்ளித் தூவித் தேய்த்தேன். பழுப்பு போகவில்லை. மூலையில் ஆசிட் பாட்டில் ஒன்று இருந்தது. அதையும் ஊற்றினால் தரை பளிச்சென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் படையல் அடுப்பு. சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. படைக்கிற வரைக்கும் அதை நாம் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அப்படிப்பட்ட பொங்கல் மேல் கக்கூஸ் கழுவுகிற நெடி படலாமா? எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். கதவைத் தாழ் போட்டேன். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் ஈரச் சாக்கை மடித்துத் திணித்தேன். பக்திதான். புத்தி இல்லாத பக்தி.

அதன் பிறகு ஆசிட்டை ஊற்றினேன். தரை நுரைத்தது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்தது. கண்ணில் மிளகாய்ப்பொடி கொட்டியதுபோல் எரிந்தது. இருமினால் இன்னும் உள்ளே போகிறது. தாழைத் திறந்துவிட்டேன், கதவு வரவில்லை. நான் திணித்த சாக்கே கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "அண்ணாமலையாரே" என்று கூப்பிட்டேனா, கூப்பிட நினைத்தேனா என்று எனக்கே தெரியாது. குழு ஆட்கள் கதவை உடைத்துத்தான் என்னை வெளியே இழுத்திருக்கிறார்கள்.

அடுத்த சில நாட்கள் எனக்கு நினைவில் இல்லை. என் தங்கச்சி மலர் சொல்லித்தான் தெரியும். அவளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தகவல் தெரிந்ததும் ஓடி வந்துவிட்டாள். தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டதால் வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டு, வெண்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். நம் ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் வெளியே வந்து, "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதுங்க, நாளைக்குச் சொல்றேன்" என்றாராம்.

உடனே சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று பேசியிருக்கிறார்கள். மலர் வேலூருக்குக் கொண்டுபோகலாம் என்று அழுதிருக்கிறாள். என் கொழுந்தனார் சென்னைக்கு என்றாராம். இன்னொருவர், இந்த நிலைமையில் ஆம்புலன்ஸில் ஏற்றினால் போகிற வழியிலேயே முடிந்துவிடும் என்றாராம். எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் வேன் ஓட்டுகிறார். பேச்சு கம்மி. வண்டியில் ஹாரன்கூட அடிக்க யோசிக்கிற மனிதர். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் எழுந்து எங்கேயோ வெளியே போனாராம். திரும்பி வந்து, "இங்கயே இருக்கட்டும். இந்த டாக்டரே பாக்கட்டும்" என்றாராம். அவ்வளவுதான். எங்கே போய் வந்தார் என்று அந்தக் கலவரத்தில் யாரும் கேட்கவில்லை.

அந்த டாக்டரே பார்த்தார். என்னைக் காப்பாற்றினார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு யாராவது அவரைக் குறை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வீட்டுக்குப் போகாமல் என் கட்டில் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். டியூபை எடுத்த அன்றைக்கு நான் கண் திறந்து பார்த்தபோது, "அம்மா, உங்க ஊர்க்காரங்க வெளிய பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க, சீக்கிரம் எழுந்து அனுப்பி வைங்க" என்றார். சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை, கண்ணீர் வந்தது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தேன். சமைத்தேன். மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். புரட்டாசி முடிகிற சமயத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படி ஏறினால் வாங்கியது. பிறகு நடந்தால். பிறகு பேசினால். மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ விசில் அடிப்பதுபோல் எனக்குத் தோன்றும். டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கெமிக்கல் புகை நுரையீரலை அடித்துவிட்டது, ஆஸ்துமா மாதிரி ஆகியிருக்கிறது என்றார். வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் கொடுத்தார். மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டு என் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிப்போனது. மலர் வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, மாமா உன்னை நல்லா ஊட்டி வளர்க்குறாரு போல கீதே" என்று கிண்டல் செய்தாள். செய்துவிட்டு அவளே அழுதாள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் கேட்பார்: "எப்படிம்மா இருக்கு?"

"பரவால்லைங்க டாக்டர்" என்பேன்.

என்ன பரவாயில்லை? வண்டியிலிருந்து இறங்கி அவர் அறைக்கு வருவதற்குள் நாக்கு தள்ளிவிடும். ஆனால் உயிரைக் கொடுத்தவரிடம் போய், உங்கள் மருந்து கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் முகம் வாடிவிடுமே என்று இருக்கும். உங்களில் எத்தனை பேர் டாக்டரிடம் இந்தப் "பரவால்லைங்க" சொல்லிவிட்டு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவரும் பாவம், நான் சொன்னதை நம்பி அதே மருந்தை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாக எழுதித் தருவார். கடைசியாக ஐப்பசியில் போனபோது அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். கிரிவலம் வேண்டாம். சங்கு வேண்டவே வேண்டாம். இருக்கிற மூச்சைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மலர் விடவில்லை. "இன்னொரு டாக்டரைக் காட்டலாம்க்கா. அவரு நல்லவருதான், யாரு இல்லேன்னா? ரெண்டு பேரு பார்த்தா ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று போனில் தினமும் சொல்வாள். அவள் சொல்வது எனக்கும் சரியென்று பட்டது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "பாக்கலாம்" என்பார். மறுபடி சொன்னால் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் அப்படிப்பட்ட மனிதரே இல்லை. எனக்குத் தலைவலி என்றால் தைலத்தோடு வந்து நிற்கிறவர், மூச்சு நிற்கிறது என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்வதே குறைந்துபோனது.

கார்த்திகை தீபம் வந்தது. ஊரெல்லாம் ஜனம். எங்கள் குழு காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டது. என்னால் போக முடியவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் என்னைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று போனேன். அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாம் ஆட்கள். எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சியில் தீபம் எரிந்ததும் எல்லா மாடியிலிருந்தும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று குரல் எழுந்தது. எனக்கு வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்துக்குச் சங்கு ஊதியவள் நான். மனசுக்குள் அவனிடம் சண்டை போட்டேன். ஊத வேண்டாம் என்றால் அதை நீயே என்னிடம் சொல்லக்கூடாதா, எனக்கு உயிர் கொடுத்த டாக்டர் வாயாலா சொல்ல வேண்டும், உனக்கு வேறு வாயே கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

கேட்டதோடு நிற்கவில்லை. முந்தானைக்குள் சங்கை மறைத்துக்கொண்டுதான் மாடிக்கு வந்திருந்தேன். செத்தாலும் தீபத்தைப் பார்த்துக்கொண்டே சாகிறேன் என்று எடுத்து வாயில் வைத்துவிட்டேன். இவர் "குணா, வேணாம்" என்று பதறிக்கொண்டு வருவதற்குள் ஊதினேன்.

சங்கு பேசியது. பழையபடி, நீளமாக, நடுக்கம் இல்லாமல். எனக்கே நம்ப முடியவில்லை. பக்கத்து மாடியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஊதி முடித்துச் சங்கை இறக்கி மூச்சை இழுத்தேன். அப்போது வந்தது பாருங்கள் ஒரு சத்தம், கதவு கிறீச்சிடுவதுபோல. பக்கத்து மாடிக்காரம்மா, "அய்யோ, என்னாச்சு" என்று ஓடி வந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தரையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துத்தான் நிதானத்துக்கு வந்தேன்.

உட்கார்ந்திருந்தபோதே எனக்கு ஒன்று புரிந்தது. மூச்சை விடுகிறபோது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இழுக்கிறபோதுதான் அடைக்கிறது. நுரையீரலே போய்விட்டது என்றால் இந்தச் சங்கு எப்படிப் பேசும்? அந்தச் சத்தமும் நெஞ்சிலிருந்து வரவில்லை, கழுத்திலிருந்து வந்தது. இத்தனை வருஷம் சங்கு ஊதியவளுக்குத் தன் மூச்சு எங்கே நிற்கிறது என்று தெரியாதா? எனக்கு நம்பிக்கை வந்தது. என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, பார்த்தீங்க இல்ல? ஊத முடியுது. இழுக்கத்தான் முடியல. இது வேற ஏதோ. நாளைக்கே வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முடியாது குணா" என்றார்.

"ஏன் முடியாது? நான் செத்தா பரவால்லையா உங்களுக்கு?"

அப்போதுதான் அந்த மனிதர் அழுதார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆவணிப் பௌர்ணமி அன்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வெளியே போனாரே, ராஜகோபுரத்துக்கு எதிரேதான் போய் நின்றிருக்கிறார். ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து வேண்டிக்கொண்டிருக்கிறார். "ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வேலூர்னாங்க, சென்னைன்னாங்க. எனக்கு எது சரின்னு தெரியல குணா. சாமிகிட்ட சொன்னேன், இவளை எனக்குத் திருப்பிக் குடுத்துடு, இந்த டாக்டர் சொல்றதுதான் இனிமே உன் வாக்கு, அவரு சொல்லை நாங்க எந்தக் காலத்துலயும் மீற மாட்டோம்னு. சாமியும் உன்னைக் குடுத்துட்டாரு. இப்போ நான் மீறினா, குடுத்ததைத் திருப்பி எடுத்துக்க மாட்டாரா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் மூச்சுத் திணறலே மறந்துபோனது. "என்னை ஒரு வார்த்தை கேக்காம என் மூச்சைக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுட்டீங்களா?" என்றேன். "நீ கேக்குற நிலைமையிலயா இருந்த?" என்றார்.

கோபம் இறங்கிய பிறகு எனக்கும் பயம் வந்தது. அடியார்களே, உங்களுக்குத் தெரியும், அவன் சந்நிதியைப் பார்த்து முடிந்த முடிச்சு அது. மீறுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மலரிடம் சொன்னால், அதெல்லாம் சாமி கோவிச்சுக்காது என்பாள். அவளுக்கு எளிது. அந்த வேண்டுதலில் பிழைத்து உட்கார்ந்திருப்பவள் நான் அல்லவா? மீறினால் உயிருக்குப் பயம், மீறாவிட்டால் மூச்சு நாளுக்கு நாள் குறைகிறது. இரண்டு பேரும் அந்த மொட்டை மாடியிலேயே தீபத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான்தான் கை கூப்பிச் சொன்னேன்: "அப்பா, முடிச்சு போட்டவருக்கும் அவிழ்க்கத் தெரியல, எனக்கும் தெரியல. நீதான் ஒரு வழி காட்டணும்." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. அதற்கு மேல் சொல்ல மூச்சும் இல்லை.

அடுத்த வாரம் டாக்டரிடம் போகிற முறை வந்தது. போகிற வழியிலேயே ஒரு முடிவு எடுத்தேன். இனி "பரவால்லைங்க" கிடையாது. சாமி வழி காட்ட வேண்டும் என்றால் நான் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"நல்லா இல்லைங்க டாக்டர். மருந்து கொஞ்சம்கூடக் கேக்கல. இத்தனை நாளா உங்க மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தீபத்தன்று மாடியில் சங்கு ஊதியது, விடும்போது சரியாக இருந்தது, இழுக்கும்போது கழுத்தில் சத்தம் வந்தது எல்லாம் சொன்னேன். சங்கு ஊதியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து வந்து ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் என் கழுத்தில் வைத்தார். "மூச்சை இழுங்க" என்றார். இழுத்தேன். இன்னொரு முறை என்றார். ரொம்ப நேரம் வைத்துக் கேட்டார்.

"ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு மூச்சை விடும்போதுதான் பெரும்பாலும் சத்தம் வரும். உங்களுக்கு இழுக்கும்போது வருது, அதுவும் இங்கிருந்து வருது" என்றார். பிறகு, "இதை நான் முன்னாடியே இந்த இடத்துல வெச்சுக் கேட்டிருக்கணும்மா" என்றார். இப்படிச் சொல்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை.

"அப்போ இது என்னாங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எனக்கு நிச்சயமாத் தெரியல. டியூப் வெச்ச இடத்துல குழாய் சுருங்கியிருக்கலாம்னு சந்தேகமா இருக்கு. உள்ள கேமரா விட்டுப் பார்த்தாதான் தெரியும். சென்னையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க, மூச்சுக்குழாய் வேலையே அவங்களுக்கு. அவங்ககிட்ட காட்டுங்க. நான் சொல்றதுதான் சரின்னு வெச்சுக்காதீங்க, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

என் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, அந்தப் பேசாத மனிதர், மஞ்சள் துணி வேண்டுதலை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரிப்பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சிரித்திருந்தால் எதையாவது எடுத்து வீசியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"என் சொல்லை மீற மாட்டேன்னு வேண்டிக்கிட்டீங்களா?"

"ஆமாங்க."

"அப்போ கேளுங்க. வீட்டுக்காரம்மாவைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க. இதான் என் சொல்."

உள்ளுக்குள் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உனக்கு வேறு வாய் கிடைக்கவில்லையா என்று தீபத்தன்று அவனிடம் சண்டை போட்டேனே, அதே வாயாலேயே எனக்குப் பதில் சொல்லிவிட்டான். வேண்டுதலை மீறாமலேயே வேறு டாக்டரிடம் போகிறோம். வேண்டுதலைக் காப்பாற்றுவதற்காகவே போகிறோம். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மலைப்பக்கம் திரும்பி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மார்கழியில் சென்னை போனோம். அந்த டாக்டரம்மா நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். சங்குக் கதையை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்து, எங்களுக்குத் திரையில் காட்டினார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே நாலாபக்கமும் தோல் வளர்ந்து, நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. "நுரையீரல் நல்லா இருக்கும்மா. புகையில வெந்துபோன இடத்துல டியூபும் இருந்ததால புண்ணாகி, ஆறும்போது சுருங்கிடுச்சு. சிலருக்கு இப்படி ஆகும். இந்த வழியாதான் இத்தனை நாளா மூச்சு விட்டுட்டு இருந்தீங்க" என்றார். என் வீட்டுக்காரர் திரையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைத்துக் கழுத்தைக் கிழிக்காமல், வாய்வழியாகவே உள்ளே போய் அந்தத் தோலை வெட்டி, சின்ன பலூன் விட்டு விரித்தார்கள். கண் விழித்து மூச்சை இழுத்தேன். உள்ளே போனது. தடை இல்லாமல், கேட்காமல், தானாகப் போனது. எத்தனை மாதமாக எண்ணி எண்ணி இழுத்த மூச்சு! படுத்தபடியே அழுதேன். நர்ஸ் பயந்துபோய் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லம்மா, இனிக்குது என்றேன்.

ஒரே தடவையில் முடிந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் லேசாக மறுபடி இறுக்கியது. இரண்டாம் முறை போய் விரித்துக்கொண்டு வந்தோம். இனியும் தேவைப்படலாம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எனக்குப் பயம் இல்லை. ஆஸ்துமா மருந்தையெல்லாம் நம் ஊர் டாக்டரும் அவரும் போனில் பேசி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். பூசணிக்காய் முகமும் இறங்கிவிட்டது. சங்கு ஊதலாமா என்று கேட்டேன். "ஆறட்டும், பங்குனியில ஊதுங்க" என்றார் டாக்டரம்மா.

அடியார்களே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்க்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்துக் கழுவுங்கள். அந்த நெடிக்காகச் சாமி உங்கள் படையலைத் தள்ளிவிட மாட்டான். டாக்டரிடம் "பரவால்லைங்க" என்று நடிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அந்த டாக்டரையே கேளுங்கள், இன்னொருவரிடம் காட்டட்டுமா என்று. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நம்பிக்கை என்றால் வாயை மூடிக்கொண்டு கிடப்பது என்று நினைத்திருந்தேன். இல்லை. கேட்பதுதான் நம்பிக்கை. நான் கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன், அவன் கொடுத்தான். நீங்களும் கேளுங்கள். என் வீட்டுக்காரருக்கும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: இனிமேல் எனக்காக எதை வேண்டிக்கொண்டாலும் என் காதிலும் ஒரு முறை சொல்லிவிட வேண்டும். சரி என்றிருக்கிறார்.

பங்குனிப் பௌர்ணமி அன்று காலை அவர் கோயிலுக்குப் போய் மஞ்சள் முடிச்சை உண்டியலில் சேர்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் அடி அண்ணாமலைக் கூடத்தில் அன்னதானம். நம் ஊர் டாக்டரைக் கூப்பிட்டிருந்தேன். வர மாட்டார் என்று நினைத்தேன், குடும்பத்தோடு வந்து ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து சாப்பிட்டார். நிலா ஏறியது. குழுவினர் கொம்பையும் மேளத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். நான் முன்னால் போய் நின்று சங்கை வாயில் வைத்தேன்.

ஊதினேன். நீளமாக ஊதினேன். ஜனங்கள் எல்லாம் "அரோகரா" என்று கை தூக்கினார்கள். டாக்டர் மட்டும் கை தூக்கவில்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றிருந்தார். அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரரும் அதேபோல் தலையைச் சாய்த்து நின்றிருந்தார். சங்கை இருவரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு வரப்போவதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

சங்கை இறக்கி மூச்சை இழுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் நடக்க ஆரம்பித்தேன்.